பாட்டிலில் கோடு போடுகிறவர்கள்

வீட்டு அலமாரியில் இருக்கும் விஸ்கி பாட்டிலில் இரண்டு விரல் அளவு குறைந்திருக்கிறது. முதலில் யார் முகம் நினைவுக்கு வரும்?

கல்லூரிக்குப் போகும் மகன் இருக்கிறான். போன சனிக்கிழமை வந்து நள்ளிரவு வரை உட்கார்ந்திருந்த நண்பர்கள் இருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்து தங்கிவிட்டுப் போன மைத்துனர் இருக்கிறார். எத்தனை பெக் குடித்தோம் என்று மறந்துபோகும் அளவுக்குக் குடித்த வீட்டுக்காரரே இருக்கிறார். ஆனால் இவர்களில் யாருடைய முகமும் வருவதில்லை. காலை ஒன்பது மணிக்கு வந்து பாத்திரம் கழுவி, தரை துடைத்து, கழிவறையைத் தேய்த்துவிட்டுப் போகும் பெண்ணின் முகம்தான் வருகிறது. அன்று இரவே லேபிளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு விழுகிறது. நாளை சாயங்காலம் மது அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் குற்றம் நிரூபணமாகிவிட்டதாம். கோட்டை ஏன் மகனுக்குக் காட்டவில்லை என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

ஒரு பாட்டில் சாராயத்துக்கு ஒரு கட்டுரையா என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிகளில் வேலை செய்யும் பெண்கள் மத்தியில் நாங்கள் களப்பணி செய்கிறோம். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் நடுவிலிருந்து அள்ளிக்கொண்டு போய்க் கொட்டப்பட்ட மக்களின் குடியிருப்புகளிலிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்தும் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்தும் வரும் பெண்கள் இவர்கள். தலித் பெண்கள் கணிசம். வேலை ஏன் போனது என்று கேட்டால் நகை, பணம் என்பதற்கு அடுத்தபடியாக இந்தப் பாட்டில் கதையும் வருகிறது. நகைத் திருட்டைப் பற்றி ஊரே பேசுகிறது. பாட்டிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

பேசாததற்குக் காரணம் உண்டு. நகை காணாமல் போனால் போலீசுக்குப் போவார்கள். மது குறைந்தால் போகமாட்டார்கள். "என் வீட்டில் இத்தனை பாட்டில் இருந்தது" என்று நிலையத்தில் சொல்ல மரியாதைப்பட்ட குடும்பத்துக்குக் கூச்சம். ஆகவே புகார் இல்லை, விசாரணை இல்லை. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்ற ஒற்றை வரி மட்டும்தான். அந்த வரியைச் சொல்லிவிட்டு, போலீசுக்குப் போகாததைத் தங்கள் பெருந்தன்மையாகவும் சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்தப் பெருந்தன்மையின் விலை என்ன? காணாமல் போன சங்கிலி ஒருநாள் சோபாவுக்கு அடியில் கிடைக்கலாம். அன்றைக்காவது அந்தப் பெண் நிரபராதி ஆவார். குறைந்துபோன மது எங்கே போய்க் கிடைக்கும்? அது திரும்பிவராது. எனவே பழியும் நீங்காது. விசாரணையே இல்லாத வழக்கில் விடுதலைத் தீர்ப்பும் இல்லை. சந்தேகம், தீர்ப்பு, தண்டனை மூன்றும் ஒரே சமையலறையில், ஒரே காலைப்பொழுதில் முடிந்துவிடுகின்றன.

பெரும்பாக்கத்திலிருந்து வரும் ஒரு அக்கா, வயது நாற்பத்திரண்டு. ஒரே அடுக்குமாடி வளாகத்தில் நான்கு வீடு. மாதம் 13,500 ரூபாய். நான்கில் ஒரு வீட்டில் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த பாட்டில் ஒன்றில் அளவு குறைந்ததாம். அந்த வீட்டம்மா நேரடியாகக் குற்றம் சொல்லவில்லை. "உன் வீட்டுக்காரர் குடிப்பார்தானே?" என்று மட்டும் கேட்டார். இவர் "ஆமாம்மா" என்றார். ஒப்புதல் வாக்குமூலமாக அது போதுமானதாக இருந்தது. அன்று மாலைக்குள் வளாகத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போய்விட்டது. பெயரும் கதவு எண்ணும் போட்டு, "கவனமாக இருங்கள்" என்று. ஒரு வாரத்தில் மற்ற மூன்று வீடுகளும் நின்றன. ஒரு வீட்டில் பதினெட்டு நாள் சம்பளம் பாக்கி. அதைக் கேட்கப் போனவரை செக்யூரிட்டி வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

அவர் எங்களிடம் சொன்னதை அப்படியே தருகிறோம்: "நான் எடுத்திருந்தா அத எங்கம்மா ஒளிச்சு வெப்பேன்? கேட்ல பையப் பிரிச்சுப் பாக்குறான். குடிச்சிருந்தா அந்த நாத்தத்தோட அடுத்த வீட்டுக்குள்ள எப்படி நுழைவேன்? இத அவங்க ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்ல?"

யோசிக்கவில்லை. அந்த மதுவை யார் குடித்தார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அந்த வீட்டில் யாரும் முயலவும் இல்லை.

அவர்கள் கேட்ட அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கணவன் குடிகாரன், ஆகவே மனைவி அவனுக்காக மதுவைத் திருடியிருப்பாள் என்பது அதன் தர்க்கம். அந்த வீட்டம்மாவின் கணவரும் குடிக்கிறார். பாட்டிலே அவருடையதுதான். ஆனால் அவர் குடித்தால் அது ரசனை, வார இறுதி, அலுவலகப் பார்ட்டி. பெரும்பாக்கத்தில் ஒருவர் குடித்தால் அது குடிப்பழக்கம், குணக்கேடு, குடும்பத்துக்கே ஒட்டிக்கொள்ளும் குற்றம். ஒரே திரவம்தான். ஒரு வீட்டில் கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு வைக்கப்படுகிறது. இன்னொரு வீட்டில் சாதியின் அடையாளமாக நெற்றியில் ஒட்டப்படுகிறது.

சேரியைக் குடியோடு சேர்த்தே பேசும் இந்த நாட்டில், அந்தக் குடியை விற்பது யார்? 2003 முதல் தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் வழியாக அரசின் கையில். ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். கூலி வாங்கிய கையிலிருந்து அதே சாயங்காலம் கல்லாவுக்குத் திரும்பும் பணத்துக்கு அதில் பெரும் பங்குண்டு என்பது கடை வாசலில் பத்து நிமிடம் நின்றால் தெரியும். அந்தக் கடை விலையும் கட்டுப்படியாகாதவன் விஷச்சாராயம் குடித்துச் சாகிறான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் அன்றாடங்காய்ச்சிகளும். அப்போதும் "குடிகாரனுக்கு எதற்கு நிவாரணம்?" என்று கேட்டது யார்? கையில் கோப்பையை வைத்துக்கொண்டே அதைத் தட்டச்சு செய்தவர்கள் எத்தனை பேர்?

குடியால் நம் பெண்கள் படும் பாட்டை நாங்கள் மறைக்கவில்லை. அதை எதிர்த்துக் கடையை மூடச் சொல்லித் தெருவில் உட்கார்ந்தவர்களும் இந்தப் பெண்கள்தான். குடிக்கு அதிகம் பலியானவர்களையே குடியின் திருடர்களாக்கும் இழிவைத்தான் கேள்வி கேட்கிறோம்.

"நாங்கள் சாதி பார்ப்பதில்லை, திருட்டுக்கு ஏது சாதி?" என்பார்கள். சரி. திருட்டுக்குச் சாதி இல்லாமல் இருக்கலாம். சந்தேகத்துக்கு உண்டு. அதே வீட்டுக்கு டியூஷன் எடுக்க ஒரு ஆசிரியை வருகிறார், பூஜைக்கு ஐயர் வருகிறார், கணினியைப் பழுதுபார்க்க ஒரு இளைஞர் வருகிறார். இவர்கள் வந்துபோன பிறகு யாரும் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பதில்லை. கழிவறையைக் கழுவுகிறவர் வந்துபோனால்தான் பார்க்கிறார்கள். அந்த வீட்டில் அவருக்குத் தனி டம்ளர் இருக்கும். பால்கனியிலோ சிங்க்குக்கு அடியிலோ கவிழ்த்து வைத்திருப்பார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தால் நாம் போராடுகிறோம். பத்தாவது மாடியில் இருக்கும் இரட்டைக் குவளைக்கு வழக்கும் இல்லை, செய்தியும் இல்லை. அந்தத் தனி டம்ளரும் பாட்டிலின் கோடும் ஒரே கையால் செய்யப்பட்டவை. முதலாவது "உன் உதடு பட்டால் தீட்டு" என்கிறது. இரண்டாவது "உன் கை பட்டால் திருட்டு" என்கிறது.

ஒரு கூட்டத்தையே பிறவித் திருடர்கள் என்று எழுதிவைத்த வரலாறு நமக்குப் புதிதல்ல. 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். சட்டம் போய்விட்டது. சட்டத்தை எழுதிய மூளை அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களில் உட்கார்ந்திருக்கிறது. வாசலில் கைரேகையோ கடவு எண்ணோ போட்டால்தான் வேலைக்காரர் உள்ளே போக முடியும். எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், எந்தெந்த வீட்டில் வேலை, எத்தனை நட்சத்திரம் என்று செல்போன் செயலியில் பதிவாகிறது. வெளியே போகும்போது பைச் சோதனை. பழைய சேலையைக் கொடுத்தால்கூட, கொடுத்தேன் என்று வீட்டுக்காரர் உறுதிசெய்ய வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாழ்ந்த அந்தக் காலத்து மக்களுக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? கண்ணகி நகர் முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று விண்ணப்பத்தில் வேறு முகவரி எழுதும் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தச் சந்தேகம் சின்ன விஷயம் என்று இன்னும் நினைப்பவர்களுக்காகச் சில நிகழ்வுகள். 1993-ல் விருத்தாசலம் பக்கத்து முதனை கிராமத்தின் ராசாக்கண்ணு, நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்தே கொல்லப்பட்டார். 'ஜெய் பீம்' படம் பார்த்துக் கண்ணீர் விட்டோமே, அந்த வழக்கு. 2017-ல் நொய்டாவின் ஒரு பெரிய அடுக்குமாடி வளாகத்தில் வீட்டு வேலை செய்த பெண் பணம் திருடியதாகக் குற்றம்சாட்டப்பட்டு இரவு வீடு திரும்பவில்லை. மறுநாள் காலை தொழிலாளர்கள் திரண்டு வாசலை உடைத்தார்கள். கைதானவர்கள் தொழிலாளர்கள்தான். 2025 ஏப்ரலில் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் ஒரு தலித் வீட்டுப் பணியாளரை, சங்கிலியைத் திருடியதாகச் சொல்லி இரவு முழுவதும் காவல் நிலையத்தில் வைத்திருந்தார்கள். தண்ணீர் கேட்டதற்குக் கழிவறையில் போய்க் குடிக்கச் சொன்னார்கள். சங்கிலி கடைசியில் அந்த வீட்டிலேயே கிடைத்தது. அதே ஆண்டு ஜூனில் சிவகங்கை மடப்புரத்தில் கோயில் காவலாளியாக இருந்த இளைஞர் ஒருவர், காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாரில் போலீசாரால் அடித்துக் கொல்லப்பட்டார். இவை ஒவ்வொன்றும் "இவர்தான் எடுத்திருப்பார்" என்ற ஒரு நினைப்பில் தொடங்கியவை. பாட்டிலில் கோடு போடும் பென்சிலும் அதே நினைப்பைத்தான் எழுதுகிறது.

"அப்படியானால் வீட்டு வேலை செய்பவர்கள் யாருமே எதையும் எடுக்கமாட்டார்களா?" என்ற கேள்வி வரும். எடுப்பவர்களும் இருக்கலாம். உழைக்கும் மக்களைத் தெய்வமாக்கிக் காட்டும் வேலை எங்களுடையதல்ல. தெய்வமாக இருந்தால்தான் மனிதராக மதிப்போம் என்பதும் ஒரு கொடுமை. எந்த அலுவலகத்திலும் பேனாவும் காகிதமும் வீட்டுக்குப் போகிறது. பொய் மருத்துவ ரசீது கொடுத்துப் பணம் வாங்குகிறவர்கள் உண்டு. அவர்களை யாரும் திருடர் இனம் என்று அழைப்பதில்லை. ஒருவர் எடுத்திருந்தாலும் அது அந்த ஒருவரின் செயல். அதற்கு ஆதாரம் வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும், தவறுக்குத் தகுந்த நடவடிக்கை வேண்டும். இரண்டு பெக் மதுவுக்கு ஒரு குடும்பத்தின் சோறு ஈடாகாது.

தகுந்த நடவடிக்கை என்றால் என்னவென்று சட்டத்தையே பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடித் தண்டிக்கப்படுபவர், பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. ஆனால் 306-வது பிரிவின்படி, வேலையாள் தன் முதலாளியின் பொருளை எடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. 5,000 ரூபாய் வரம்பெல்லாம் அங்கே இல்லை. கடையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடும் பணக்கார வீட்டுப் பையனுக்குப் பூங்காவைச் சுத்தம் செய்யும் வேலை. அதே பாட்டிலை வேலை செய்யும் வீட்டிலிருந்து எடுத்த அக்காவுக்குச் சிறை. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 381 என்ற எண்ணில் இருந்ததைப் புது எண் கொடுத்து அப்படியே வைத்திருக்கிறார்கள். நம்பிக்கையை வேலையாள் மீறினால் அது தனிக் குற்றம். பதினெட்டு நாள் கூலியைத் தராமல் முதலாளி நம்பிக்கையை மீறினால் அதற்கு இப்படி ஒரு தனிப்பிரிவு இருக்கிறதா?

இனி, நம் பக்கத்து ஆட்களிடம் ஒரு வார்த்தை. அம்பேத்கர் படம் மாட்டிய வீட்டிலும் பாட்டிலில் கோடு இருக்கிறது. ஏப்ரல் 14 அன்று நீல நிற முகப்புப் படம் வைப்பவர் ஏப்ரல் 15 அன்று "எங்க வீட்டு வேலைக்காரி கொஞ்சம் கை நீளம்" என்று பேசுகிறார். படித்து முன்னேறி நடுத்தர வர்க்கமான நம்மவர்களில் சிலரும் இதைச் செய்கிறார்கள். சாதி ஒரு படிநிலை என்றும், ஒவ்வொரு படியில் இருப்பவரும் கீழ்ப்படியைப் பார்த்துத் திருப்தி அடையும்படி அது கட்டப்பட்டிருக்கிறது என்றும் அண்ணல் விளக்கினார். அடுத்த படியில் ஏறியதும் கீழே நிற்பவரைச் சந்தேகிக்கக் கற்றுக்கொள்வதற்குப் பெயர் விடுதலை இல்லை.

"அவளைக் குடும்பத்தில் ஒருத்தியாகத்தான் வைத்திருந்தோம்" என்ற வசனத்தையும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. குடும்பத்தில் ஒருத்தி என்றால் அவர் ஏன் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்? பத்து வயதுப் பிள்ளை ஏன் அவரை "நீ, வா, போ" என்கிறது? குடும்பத்தில் ஒருவராக இருக்க அவர் விரும்பவில்லை. அவருக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறது. தொழிலாளியாக நடத்துங்கள், போதும்.

தொழிலாளி என்ற அந்தத் தகுதிதான் இவர்களுக்கு மறுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 2007-ல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைந்தது. 2018-ல் குறைந்தபட்சக் கூலிக்கு அரசாணை வந்தது. எந்த வீட்டில் அந்த அரசாணையைப் படித்துவிட்டுச் சம்பளம் பேசுகிறார்கள்? வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189-வது உடன்படிக்கை 2011-ல் நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. இவர்களுக்கென ஒரு சட்டம் இயற்றுவது பற்றி ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே ஒன்றிய அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, நோட்டீஸ் காலம் இல்லை, காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தான் ஒரு பென்சில் கோட்டால் நான்கு வீட்டு வேலையைப் பறிக்க முடிகிறது.

மாணவத் தோழர்களே, உங்களால் செய்யக்கூடியவை இருக்கின்றன.

முதலில் உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள். அம்மாவோ அப்பாவோ "அவதான் எடுத்திருப்பா" என்று சொன்னால், "எப்படித் தெரியும்?" என்று உரக்கக் கேளுங்கள். குடித்தது நீங்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். உங்கள் வளாகத்தின் குழுவில் ஒரு வேலையாளின் பெயரும் படமும் போட்டு எச்சரிக்கை வந்தால், ஆதாரம் கேளுங்கள், நீக்கச் சொல்லுங்கள். அமைதியாக இருப்பவர்களும் அந்தச் செய்தியைப் பரப்புகிறார்கள்.

சட்டத்தைத் தெரிந்துகொண்டு நம் அக்காக்களிடம் சொல்லுங்கள். வீட்டுக்காரருக்கோ செக்யூரிட்டிக்கோ ஒரு பெண்ணின் உடலைச் சோதிக்க எந்த அதிகாரமும் இல்லை. போலீசார் சோதிப்பதானாலும் பெண் காவலர்தான், கண்ணியத்தோடு செய்ய வேண்டும். விவரம் அறிய வேண்டும் என்று ஒரு பெண்ணை நிலையத்துக்கு வரச்சொல்ல முடியாது. அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு, விதிவிலக்கான சூழலில் நீதித்துறை நடுவரின் முன் அனுமதியோடு பெண் அதிகாரி வந்தால் தவிர, பெண்ணைக் கைது செய்யக்கூடாது. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்மீது அச்சாதி அல்லாதவர் பொய்யான தகவலைக் கொடுத்து அரசு ஊழியரை ஏவிவிட்டால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(q) பிரிவில் அது குற்றம். இழிவுபடுத்தியதற்கான 3(1)(r) பிரிவுக்கு அது பொதுப்பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்பதால், எங்கே, யார் முன்னால் சொன்னார்கள் என்பதைத் தேதியோடு குறித்துவைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியைத் திரைப்பதிவு எடுத்துவையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கமாகச் சேர்வது. ஒரு வளாகத்தில் வேலை செய்யும் எண்பது பெண்களில் ஒருவரைப் பழிசொல்லி நிறுத்தினால், மறுநாள் எண்பது வீட்டிலும் பாத்திரம் அப்படியே கிடக்கும் என்ற நிலை வர வேண்டும். அன்றைக்குப் பென்சிலை எடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார்கள். நல வாரியப் பதிவுக்கும் சம்பளப் பாக்கிக்கும் நாம் தெருத்தெருவாகப் போய்ப் பேசுவது அதற்காகத்தான். பெரும்பாக்கம் அக்காவின் பதினெட்டு நாள் கூலி இன்னும் வரவில்லை. அதை வாங்காமல் விடப்போவதும் இல்லை.

ஜெய் பீம்!